கடலூருக்கு மருமகளாகப் போகிறேன். அந்த வீட்டு நடைமுறைகள் எப்படி இருக்கும்?

பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர் என்றும், வரும் வைகாசியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கூட்டுக்குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறீர்கள் என்றும், மாமனார், மாமியார், கணவரின் அண்ணன் குடும்பம், ஆயா (கணவரின் பாட்டி) என எட்டுப் பேர் இருக்கும் அந்த வீட்டில் பெயர் கெடாமல் இருக்க எந்தெந்தச் சடங்குகளை முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் 1988ஆம் ஆண்டு சேலத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இப்போது நானே ஒரு மாமியார். சடங்குகள் எதையும் மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. அவை தெருவுக்குத் தெரு, ஏன், ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளிலேயே மாறும். கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியை அந்த வீட்டார் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை முதல் ஒரு மாதம் கவனியுங்கள். மற்றவை எல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

கிழிக்கும் நாள்காட்டியைத்தான் சொல்கிறேன். நகைக்கடையோ மளிகைக்கடையோ கொடுத்ததாக இருக்கும். எங்கள் வீட்டில் அதைக் கிழிக்கும் உரிமை மாமனாருக்கு மட்டுமே இருந்தது. காலையில் குளித்து, நெற்றியில் விபூதி பூசிய பிறகு கிழித்து, அந்தத் தாளின் பின்பக்கத்தில் அன்றைய பால்கணக்கை எழுதிவைப்பார். தாளின் அடியில் பொடி எழுத்தில் நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், சூலம், திதி, நட்சத்திரம் எல்லாம் இருக்கும். இவற்றில் இராகு காலம் கிழமைக்குக் கிழமை மாறினாலும் ஆண்டு முழுவதும் ஒன்றுதான்: திங்கள் 7.30 முதல் 9 வரை, வெள்ளி 10.30 முதல் 12 வரை, ஞாயிறு 4.30 முதல் 6 வரை என்று போகும். நீங்கள் இதை நம்புகிறீர்களா இல்லையா என்று யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் புதுப் புடவை எடுக்கக் கிளம்பினால் ஆயாவின் முகம் ஒரு மாதிரியாகும். பத்தேகாலுக்கே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படி தாண்டிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீட்டில் பலரும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். சூலத்துக்கும் இதே கதைதான். திங்களும் சனியும் கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது என்பார்கள். ஆனால் சனிக்கிழமை கடற்கரைக்குப் போகாத கடலூர்க்காரர் எவரையும் நான் பார்த்ததில்லை.

நாள்காட்டி மிகக் கண்டிப்பாக ஆட்சி செய்யும் இடம் அடுப்படி. அசைவத்தை இங்கே கவுச்சி என்பார்கள், ‘இன்னைக்குக் கவுச்சியா?’ என்பது கடலூர் வீடுகளில் காலையில் எழும் முதல் கேள்விகளில் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி கிடையாது. அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி முழுவதும், தைப்பூசம் ஆகியவை அதனுடன் சேரும். சில வீடுகளில் திங்கள் சோமவார விரதம். சிலவற்றில் சனிக்கிழமை பெருமாளுக்கு. ஆக, மீதியிருக்கும் ஞாயிறு, புதன், வியாழனில்தான் மீன்காரம்மாவுக்கு வியாபாரம்.

நான் வந்த இரண்டாம் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மாமியார் பண்ணுருட்டிக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். அன்று புதன்கிழமை. தேவனாம்பட்டினத்திலிருந்து அன்னக்கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாள் வாசலில் குரல் கொடுத்தார். சங்கரா மீன், கண் சிவந்து பளபளவென்று இருந்தது. வீட்டாரை அசத்திவிடலாம் என்று நான் சட்டியோடு வெளியே வந்தேன். அந்த அம்மாள் கூடையைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை. ‘இன்னிக்குக் கிருத்திகைம்மா. உங்க வூட்ல வாங்கமாட்டாங்க. சும்மா கொரல் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன், பெரியம்மா ஊர்ல இல்லியா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மாமனார் திருத்தணிக்கு வேண்டிக்கொண்டு இருபது ஆண்டுகளாகக் கிருத்திகை இருப்பவர் என்பது மருமகளான எனக்குத் தெரியவில்லை. மீன் விற்பவருக்குத் தெரிந்திருந்தது. எந்த வீட்டில் எந்த நாள் எடுபடாது என்பது மனத்தில் இல்லாவிட்டால் வெயிலில் அவர் நடை வீண். அன்று முதல் கிழிக்கும் தாளை நானும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பது.

கடலின் நாள்காட்டியும் ஒன்று உண்டு. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. சிறு படகுகளில் வருவது மட்டும் கிடைக்கும், விலையும் ஏறிவிடும். அந்த நாட்களில் வீடு கருவாட்டுக்கு மாறும். பலாக்கொட்டை, கத்திரிக்காய், மாங்காய் போட்டு வைக்கும் கருவாட்டுக் குழம்பு எங்கள் பக்கத்துக் கோடைக்கே உரியது, ஏனென்றால் பண்ணுருட்டிப் பலா வருவதும் அப்போதுதான். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை எறிந்துவிடாதீர்கள். அதை ஈரம் போகக் காயவைத்து எடுத்துவைக்க ஒரு கூடை தனியாக இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக விழுந்தன; அதன்பின் சில கோடைகளில் அந்தக் கூடை பாதிகூட நிறையவில்லை.

இனி அன்றாடம். விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். அமாவாசையன்று முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து முடிக்கும்வரை பல வீடுகளில் வாசலில் கோலம் போடுவதில்லை. அன்று சுறுசுறுப்பாக எழுந்து பெரிய கோலமாகப் போட்டுவைத்துவிடாதீர்கள். சமைத்ததில் முதல் பிடி மதில்மேல் காக்கைக்கு. காக்கை எடுத்த பிறகே மற்றவர்களுக்கு இலை. கடலூரில் காக்கைக்குப் பஞ்சமில்லை என்பதால் நீங்கள் அதிக நேரம் பசியோடு இருக்க வேண்டியிருக்காது. மாலை ஆறு மணிக்கு விளக்கு வைப்பதற்கு முன் வீட்டைப் பெருக்கி முடித்துவிட வேண்டும். விளக்கு வைத்தபின் துடைப்பத்தைத் தொடுவதோ, தலை வாருவதோ, உப்பையும் ஊசியையும் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதோ கூடாது என்பார்கள். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘போகிறேன்’ என்று சொல்லிக் கிளம்பவும் வேண்டாம், ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதே முறை. பெங்களூரில் உங்கள் தாயாரும் இதைச் சொல்லித்தான் வளர்த்திருப்பார்.

மாதவிலக்கு நாட்களைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வந்தபோது தனித் தட்டு, தனிப் பாய், கொல்லைப்புற அறை என்று இருந்தது. இன்று எனக்குத் தெரிந்த வீடுகளில் பூசையறைக்குள் போகாமல் இருப்பதோடு சரி. உங்கள் வீட்டில் எப்படி என்பதை ஓரகத்தியிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். மாமியாரைவிட அவர்தான் உள்ளதை உள்ளபடி சொல்வார். இந்த விஷயத்தில் என் மருமகளுக்கு நான் எந்தக் கட்டும் வைக்கவில்லை. அதுபோல, வாசல் தெளிப்பதும் மாவரைப்பதும் பெண்கள் வேலை என்று எந்த நாள்காட்டியிலும் அச்சிடப்படவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் தங்கள் காப்பித் தம்ளரைத் தாங்களே கழுவத் தொடங்கியது, நான் கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் படுத்திருந்தபோதுதான். உங்களுக்குக் கால் முறியாமலே அது நடக்க வேண்டுமானால், முதல் வாரத்திலேயே உங்கள் கணவருக்கு ஒரு வேலையை ஒதுக்கிவிடுங்கள். பிறகு மாற்றுவது கடினம்.

திருமணத்துக்கு முன்பே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பூவாடைக்காரி. சேலத்தில் நான் கேள்விப்படாத பெயர் இது. கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பல குடும்பங்களில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்துபோன பெண்ணை அந்த வீட்டின் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். கோயில் கிடையாது, சிலை கிடையாது. வீட்டில் திருமணம் என்றால் முதலில் அவளை அழைத்தாக வேண்டும். எங்கள் வீட்டு வழக்கப்படி, முகூர்த்தத்துக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு மாலையில் பெண்கள் கிணற்றடிக்குப் போய், சொம்பில் நீர் எடுத்து, அதற்குப் பூச்சுற்றி, மஞ்சள் குங்குமம் இட்டு, பேசாமல் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு புதுப் புடவையும் பொங்கலும் அவளுக்கு முன் படைக்கப்படும். கிணறு தூர்ந்துபோன பிறகு எங்கள் வீட்டில் மோட்டார் குழாயடியில்தான் அந்தச் சொம்பு நிறைகிறது. பூவாடைக்காரி அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. படைத்த புடவையை வீட்டுப் பெண்களில் ஒருவர் கட்டிக்கொள்வார். அது உங்களிடம் நீட்டப்பட்டால் நிறம் பிடிக்கவில்லை என்று தயங்காதீர்கள். அந்த வீட்டில் நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லப் போவதில்லை.

திருமணம் முடிந்த கையோடு உங்கள் முன்னால் வரும் அடுத்த பொருள் மொய் நோட்டு. நீள வாக்கில், சிவப்புத் துணி முதுகு ஒட்டிய கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. யார் எவ்வளவு எழுதினார்கள், யார் குடம் வைத்தார்கள், தாய்மாமன் என்ன சீர் கொண்டுவந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். என் மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் நான் ஒரு பெயரைப் படித்தால், அவர் பெண் காதுகுத்துக்கு நாம் என்ன செய்தோம், அதை எந்த ஆண்டு செய்தோம் என்று சொல்லிவிடுவார். 51 ரூபாய் எழுதியவருக்கு 101ஆகத் திருப்ப வேண்டும் என்பதும், திருப்பாமல் விட்டால் அந்த உறவு அத்தோடு முறிந்தது என்பதும் அவர் கணக்கு. இதை வெறும் வட்டிக்கணக்கு என்று நான் முதலில் ஏளனமாக நினைத்தேன். என் மாமனார் இறந்த பதினாறாம் நாள் கருமாதிக்கு அந்த நோட்டில் இருந்த பெயர்களில் ஏறக்குறைய எல்லோரும் வந்து நின்றபோது அந்த எண்ணம் போய்விட்டது. எந்தப் பெயரைக் கேட்டாலும் நோட்டில் தேடிப் படித்துக்காட்டுங்கள். மூன்று நாள் மாலையில் மொத்த உறவுமுறையும் உங்களுக்கு அத்துபடியாகிவிடும்.

திருவிழாக்களில் ஆடி, தீபாவளி, கார்த்திகை ஆகியவை எல்லா ஊருக்கும் பொது. கார்த்திகையில் பையன்கள் பனம்பூக் கரியைத் துணியில் கட்டிப் பொறி பறக்க மாவலி சுற்றுவார்கள். மொட்டைமாடியில் துணி காயப்போட்டிருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலூர் வீடுகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: அரிசி, பருப்பு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, நிறைத்துவைத்த குடங்கள். நாங்கள் இதைப் புயல் சாமான் என்கிறோம். ‘தானே’ வந்தபோது பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ‘ஃபெஞ்சல்’ புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்தது. அதனால் தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கும்போதே புயல் சாமானும் வந்துவிட வேண்டும்.

தை மாதம் எங்கள் ஊருக்கே உரியது. மற்ற ஊர்களில் காணும் பொங்கலோடு கரும்புச் சக்கையைக் கூட்டித் தள்ளிவிடுவார்கள். இங்கே தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா மிச்சமிருக்கிறது. சுற்று வட்டாரக் கோயில்களின் சாமிகள் தென்பெண்ணைக் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவோம். திரும்பும்போது சுருளிக் கிழங்கு வாங்காமல் வருவது கிடையாது; அதைச் சுட்டோ அவித்தோ தின்பது அன்றைய இரவுச் சாப்பாட்டில் பாதி. அந்தக் கிழங்கு மற்ற நாட்களில் கண்ணில் படுவதே அரிது என்பதால் பை பெரியதாக எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று வீட்டில் ஒருவராவது வடலூருக்குப் போவார். ஏழு திரை நீக்கிக் காட்டும் சோதியைப் பார்ப்பதோடு, 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அணையா அடுப்புக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசியும் போகும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை. அன்று அதிகாலையிலேயே போய்விடுங்கள், பிறகு வெயிலும் கூட்டமும் தாங்காது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவந்திபுரம் பெருமாள் கோயில். அங்கே முகூர்த்த நாட்களில் நடக்கும் திருமணங்களின் நெரிசலை, உங்கள் திருமணமே அங்கு என்றால், நேரிலேயே பார்த்துவிடுவீர்கள்.

கணவரின் அத்தை குடும்பம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம்தான் என்றாலும் அங்கே வீட்டு நடப்பு சற்று வேறு. மதியம் ஒன்று முதல் நான்கு மணி வரை ஊரே கண்ணயரும், கடைகள் பலவும் சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் தொலைபேசியில் அழைப்பதைப் பெரிய பிழையாகவே கருதுவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகளில் ஜூலை 14 ஒரு பண்டிகை. நமக்கு ஆகஸ்ட் 15 போதும். புதுச்சேரிக்காரர்களுக்கு, பிரெஞ்சு ஆட்சி இந்தியாவிடம் கைமாறிய நவம்பர் 1, 1954ஆம் நாளும், சட்டப்படி இணைப்பு நிறைவேறிய ஆகஸ்ட் 16, 1962ஆம் நாளும் கூடுதல் விடுமுறைகள். ஆடி வெள்ளியில் வீராம்பட்டினம் தேருக்கு அழைப்பார்கள், மறுக்காதீர்கள். ஆளுநரே வடம் பிடிக்கும் அந்த வழக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து தொடர்வது.

உங்கள் திருமணம் வைகாசியில். அப்படியானால் நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது மொட்டைமாடியில் வடகம் காய்ந்துகொண்டிருக்கும். உங்களுக்குக் கிடைக்கப்போகும் முதல் பெரிய வேலையும் அதுவாகவே இருக்கலாம். தாளிப்பு வடகம் இல்லாமல் இங்கே கீரையும் இல்லை, மீன் குழம்பும் இல்லை. சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக நசுக்கி, பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, கல்லுப்பு சேர்த்துப் பிசைந்து ஓரிரவு மூடிவைப்பார்கள். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைத்து, மாலையில் உருண்டைகளை உதிர்த்து மீண்டும் பிசைந்து மூடி, அடுத்த நாள் மறுபடி உருட்டுவார்கள். உள்ளே ஈரம் இல்லாமல் கறுத்து இறுகும்வரை ஒரு வாரம், பத்து நாள் இப்படியே போகும். கடைசிச் சுற்றில் விளக்கெண்ணெயைக் கையில் தொட்டுக்கொண்டு உருட்டினால் பூச்சி அண்டாது. பிரெஞ்சுக்காரர்கள் இதைப் புதுச்சேரியிலிருந்து தங்கள் நாட்டுச் சமையலுக்கு எடுத்துப்போய் ‘வடுவான்’ என்று அழைக்கிறார்கள். அவர்கள் அதைத் தூளாக்கிச் சிறு குப்பிகளில் விற்கும் விலையைக் கேட்டால் உங்கள் ஆயா சிரிப்பார்.

ஐந்து கிலோ வெங்காயம் உரிக்க நான்கு பேர் வேண்டும். அந்த வேலையின்போதுதான் வீட்டின் பழங்கதைகள் அனைத்தும் பேசப்படும்; எனவே தலைவலி என்று எழுந்து போய்விடாதீர்கள். கோடை மழை திடீரென்று இறங்கினால் தட்டுகளை எடுக்க முதலில் ஓடுவது யார் என்பதையும் எல்லோரும் கவனிப்பார்கள். ஆடி பிறந்ததும் உங்கள் பெற்றோர் வந்து உங்களைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். புறப்படும்போது மாமியார் ஒரு பாட்டில் வடகம் கொடுத்தனுப்புவார். அதை இரண்டு உறைகளில் சுற்றிப் பெட்டியின் அடியில் வையுங்கள், இல்லையென்றால் பெங்களூர் போய்ச் சேரும்வரை பேருந்தில் எல்லோருக்கும் பசியெடுத்துக்கொண்டே இருக்கும்.